ரிவர்ட் பண்றவங்களுக்கும் ஒரு விதி எழுதுங்க

பொருள்களை ரிப்பேர் பண்றது எப்படின்னு எல்லாரும் சேர்ந்து எழுதுற நம்ம ரிப்பேர் விக்கியோட அட்மின்களுக்கும், புது வழிகாட்டுதல் வரைவைத் தயார் பண்ணின குழுவுக்கும்,

வணக்கம். வரைவை மூணு தடவ முழுசா படிச்சேன். முதல் தடவ படிக்கும்போது சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஏன்னா இப்படி ஒண்ணு வேணும்னு நாம எல்லாரும் எத்தனையோ வருஷமா பேச்சுப் பக்கத்துல (கட்டுரையைப் பத்தி விவாதிக்கிற பக்கம்) புலம்பிக்கிட்டு இருக்கோம், ஒருத்தர் ஒரு மாதிரி எழுதுறார், இன்னொருத்தர் வந்து அதைக் கலைச்சுப் போடுறார், எது சரின்னு சொல்ல எழுதி வச்ச ஒரு வார்த்தை கூட கிடையாது. அதை உட்கார்ந்து எழுதினதுக்கு நன்றி, சம்பளம் இல்லாத வேலைல இது இன்னும் பெரிய வேலைன்னு எனக்குத் தெரியும்.

ரெண்டாவது தடவ படிக்கும்போது தான் ஏதோ உறுத்துச்சு. மூணாவது தடவ ஒரு பேப்பர் எடுத்து, ஒவ்வொரு விதியும் யாரைப் பார்த்து பேசுதுன்னு குறிச்சுக்கிட்டே வந்தேன். எல்லாமே எழுத வர்றவரைப் பார்த்துத் தான் பேசுது. ஆதாரம் கொடு, நடை இப்படி இருக்கணும், படம் இந்த சைஸ்ல போடு, தலைப்பு இப்படி வை. எழுதினதை அழிக்கிறவரைப் பார்த்து ஒரே ஒரு விதி கூட இல்ல. ஒருத்தர் அரை மணி நேரம் உட்கார்ந்து டைப் பண்ணினதை இன்னொருத்தர் ஒரே க்ளிக்ல ரிவர்ட் பண்ணி, அதாவது பழைய பதிப்புக்குத் திருப்பி, காணாம பண்ணலாம், அதுக்கு அவர் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. இதைப் பத்தித் தான் எழுத வந்தேன்.

நான் ஆறு வருஷமா அண்மைய மாற்றங்கள் பக்கத்துல, அதாவது புதுசா வர்ற எடிட் எல்லாம் வரிசையா தெரியற பக்கத்துல, காவல் காக்குறவங்கள்ல ஒருத்தர். அதனால இதை வெளில இருந்து குறை சொல்றதா எடுத்துக்க வேண்டாம், நான் பண்ணின ஒரு தப்பைத் தான் முதல்ல சொல்லப் போறேன்.

தையல் மெஷின் பக்கத்துல "துணிக்கு அடியில நூல் சிக்குதா?"ன்னு ஒரு பகுதி இருக்குல்ல, நம்ம விக்கில அதிகமா படிக்கிற பகுதிகள்ல அதுவும் ஒண்ணு. ரொம்ப நாளா அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னா, அடியில நூல் கொத்துக் கொத்தா சிக்கினா பாபின் (கீழ் நூல் சுத்தின குட்டி உருளை) லூஸா இருக்கு, பாபின் கேஸ்ல இருக்குற குட்டி ஸ்க்ரூவை டைட் பண்ணுங்கன்னு. படிக்க நியாயமாத் தான் தெரியும், கீழ சிக்குது, கீழ இருக்கறது பாபின், அப்ப பாபின் தானே தப்பு. ஒரு நாள் ராத்திரி, கணக்கு இல்லாத ஒரு புதுப் பயனர் வந்து அந்த வரியை எடுத்துட்டு வேற எழுதினார். கீழ சிக்கினா மேல் நூலைப் பாருங்க, ப்ரஷர் ஃபுட்டை (துணியை அமுக்கிப் பிடிக்கிற பாகம்) தூக்கி வச்சுட்டு மறுபடியும் முதல்ல இருந்து நூல் கோருங்க, ஃபுட் இறங்கி இருந்தா மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் டிஸ்க் மூடிக்கும், நூல் அதுக்குள்ள போகாது. அவ்வளவு தான் எழுதியிருந்தார். ரெண்டு எழுத்துப்பிழை இருந்துச்சு, ஆதாரம் எதுவும் இல்ல, தொகுப்புச் சுருக்கம் (ஏன் மாத்தினோம்னு எழுதுற பெட்டி) காலி.

நான் அதைப் பார்த்த வேகத்துல ரிவர்ட் பண்ணினேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகல. "ஆதாரம் இல்லை"ன்னு ரெண்டே வார்த்தை போட்டுட்டு அடுத்த எடிட்டுக்குப் போயிட்டேன். அன்னைக்கு வரிசைல இன்னும் நிறைய இருந்துச்சு, அதுல பாதி வெறும் கெட்ட வார்த்தை எழுதி விளையாடினவங்களோடது, அந்த மனநிலைல தான் இதையும் தள்ளிவிட்டேன். அவர் மறுபடி ஒரு தடவ அதையே போட்டார், இந்த முறை எழுத்துப்பிழையைத் திருத்திட்டு. நான் மறுபடியும் எடுத்தேன். அதுக்கப்புறம் அவர் வரவே இல்ல.

14 மாசம் கழிச்சு அந்தப் பேச்சுப் பக்கத்துல ஒரு வாசகர் எழுதினார். உங்க பக்கத்தைப் படிச்சுட்டு பாபின் ஸ்க்ரூவை டைட் பண்ணினேன், சிக்கல் போகல, இன்னும் டைட் பண்ணினேன், இப்ப நூலே அறுந்து போகுது, கடைசில மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன், அவர் ஃபுட்டைத் தூக்கி நூலை எடுத்துட்டு மறுபடி கோர்த்தார், ஒரு நிமிஷத்துல ஓட ஆரம்பிச்சுடுச்சு, ஆனா நான் திருகி வச்ச ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டு வரத் தான் அவருக்கு நேரம் எடுத்துச்சு, தயவுசெஞ்சு பக்கத்தைச் சரி பண்ணுங்கன்னு. அதைப் படிச்சதும் எங்கயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு வரலாற்றைத் திறந்து பின்னாடி பின்னாடி போனேன். அந்த வரி அங்க இருந்துச்சு, அதுக்கு மேல என் பேரும் இருந்துச்சு.

அப்புறம் தான் உட்கார்ந்து தேடினேன். அவர் சொன்னது முழுக்க சரி. மேல் நூல் அந்த டிஸ்க்குக்கு நடுவுல பிடிபடலன்னா அதை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்ல, ஹூக் அதைச் சுத்திக் கீழ இழுக்கும்போது தளதளன்னு இறங்கி, மேல திரும்பிப் போகாம துணிக்கு அடியிலயே வளையம் வளையமா தங்கிடும். அதனால தான் சிக்கல் கீழ தெரியுது, காரணம் மேல இருக்கு. ஏறக்குறைய எந்த மெஷின் மேனுவலைத் திறந்தாலும் ஃபுட்டைத் தூக்கிட்டு நூல் கோர்க்கச் சொல்லித் தான் இருக்கும். நான் தேட எடுத்துக்கிட்டது ஐஞ்சு நிமிஷம் இருக்கும். அந்த ஐஞ்சு நிமிஷத்தை 14 மாசத்துக்கு முன்னாடி செலவு பண்ணியிருந்தா, நடுவுல அந்தப் பக்கத்தை நம்பி ஸ்க்ரூவைத் திருகின எல்லாருக்கும் உதவியா இருந்திருக்கும். அதைவிட எனக்கு வலிக்கறது, மெஷினைத் தன் கையால நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளு நம்ம விக்கிக்கு வந்து, ரெண்டு தடவ முயற்சி பண்ணி, ரெண்டு தடவயும் கதவைச் சாத்திட்டாங்கன்னு போயிட்டார். அவர் பேர் தெரியாது, எப்படிக் கூப்பிடறதுன்னும் தெரியாது.

இப்ப உங்க வரைவைப் பார்ப்போம். "ஆதாரமற்ற தொகுப்புகள் முன்னறிவிப்பின்றி உடனடியாக நீக்கப்படும்"னு ஒரு விதி இருக்கு. இந்த விதி அன்னைக்கே இருந்திருந்தா நான் பண்ணினது தப்பே இல்ல, விதிப்படி சரி. எனக்குப் பயமா இருக்கறது இது தான். பண்ணக் கூடாத ஒண்ணைப் பண்ணிட்டு மனசு உறுத்திக்கிட்டு இருக்கேன், வரைவு வந்து அதையே கடமைன்னு சொல்லுது.

அதுக்காக விதியே வேண்டாம்னு சொல்ல வரல. காவல் காக்குறவங்களுக்குத் தெரியும், நல்ல மனசோட வந்து பக்கத்தைக் கெடுக்குறவங்க எத்தனை பேர்னு. சைக்கிள் பெடல் பக்கம் ஞாபகம் இருக்கா? சைக்கிள்ல இடது பெடலோட மரை தலைகீழா இருக்கும், கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தினா தான் அது டைட் ஆகும், வலது பெடல் வழக்கம் போல. மிதிக்கும்போது பெடல் தானா கழண்டு வராம இருக்கறதுக்காக அப்படிச் செஞ்சிருக்காங்க. இது தெரியாத யார் படிச்சாலும் பக்கத்துல எழுதினவர் இடது வலதை மாத்திட்டார்னு தான் நினைப்பாங்க. அப்படி நினைச்சு பெருந்தன்மையா திருத்திட்டுப் போனவங்க வருஷத்துக்கு நாலைஞ்சு பேர் இருப்பாங்க. அந்தத் திருத்தத்தை நம்பி ஒருத்தர் இடது பெடலை வலுக்கட்டாயமா வலப்பக்கம் சுத்தி ஏத்தினா அலுமினிய கிராங்க்ல (பெடல் மாட்டியிருக்கற கை) மரை போயிடும், மரை போன கிராங்கை மாத்துறதைத் தவிர பெரும்பாலும் வேற வழி இல்ல. அங்க ரிவர்ட் பண்ணித் தான் ஆகணும், நானே பண்ணியிருக்கேன், இனிமேலும் பண்ணுவேன்.

ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு இந்த ரெண்டு எடிட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. தையல் மெஷின்ல வந்தவரும் புதுசு, பெடல்ல வந்தவரும் புதுசு. ரெண்டு பேரும் பார்த்தா தப்பு மாதிரி தெரியற ஒண்ணை எழுதினாங்க அல்லது மாத்தினாங்க. ரெண்டு பேரும் ஆதாரம் கொடுக்கல, சுருக்கம் எழுதல. ஒருத்தர் சொன்னது முழுக்க சரி, இன்னொருத்தர் சொன்னது முழுக்க தப்பு. வெளில இருந்து பார்க்குற எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே வழி, "ஏன்?"னு கேக்கறது தான். கேட்டிருந்தா தையல்காரர் டிஸ்க் கதையைச் சொல்லியிருப்பார், பெடல்காரர் "எல்லா ஸ்க்ரூவும் அப்படித் தானே"ன்னு சொல்லியிருப்பார், நான் மரை கதையை அவருக்குச் சொல்லியிருப்பேன், ரெண்டு பேருமே ஒருவேளை நம்ம கூட இருந்திருப்பாங்க.

பெடல் பக்கத்துல கடைசில பிரச்சனை எப்படித் தீர்ந்துச்சுன்னும் பாருங்க, ரிவர்ட்னால தீரல. யாரோ ஒரு புண்ணியவான் எடிட் பெட்டியைத் திறந்தா மட்டும் தெரியற மாதிரி ஒரு மறைகுறிப்பு போட்டார், "மாத்துறதுக்கு முன்னாடி: இது தப்பு இல்ல, இடது பெடல் மரை தலைகீழ் தான், காரணம் கீழ மூணாவது பத்தில"ன்னு. அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடவே இல்ல. ஒரே வரி. திரும்பத் திரும்ப ஒரே தப்பு வர்ற இடத்துல ரிவர்ட் பண்ணிக்கிட்டே இருக்காம இப்படி ஒரு குறிப்பு போடணும்னு வரைவுல ஒரு விதி சேருங்க, அது நூறு ரிவர்ட்டை மிச்சப்படுத்தும்.

விக்கிங்கற வார்த்தைக்கு ஹவாய் மொழில "சீக்கிரம்"னு அர்த்தம், வார்ட் கன்னிங்ஹாம் 1995ல முதல் விக்கியை ஆரம்பிச்சப்ப அந்தப் பேரை வச்சார். யார் வேணும்னாலும் சீக்கிரமா திருத்தலாம்னு நினைச்சு வச்ச பேரு, ஆனா நடைமுறைல எழுதறதை விட அழிக்கறது தான் ரொம்ப சீக்கிரமா நடக்குது. பழைய பதிப்பு எல்லாம் வரலாற்றுல பத்திரமா இருக்கறதால எதையும் எப்ப வேணும்னாலும் திரும்பக் கொண்டு வரலாம், இதைச் சொல்லித் தான் நாம ரிவர்ட் பண்றதை லேசா எடுத்துக்கறோம். அதே காரணத்தை மறுபக்கமும் சொல்லலாமே. எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம்னா இப்பவே எடுக்கணும்னு என்ன அவசரம், ஒரு நாள் இருக்கட்டுமே, கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்கலாமே.

விக்கிப்பீடியாவோட கதையையும் வரைவுக் குழு கொஞ்சம் யோசிக்கணும், ஏன்னா நீங்க நிறைய விதிகளை அங்க இருந்து தான் எடுத்திருக்கீங்க. அதுக்கு முன்னாடி 2000ல நியூபீடியான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, நிபுணர்கள் எழுதணும், ஏழு கட்டமா சரிபார்க்கணும்னு வச்சாங்க, முதல் வருஷத்துல 21 கட்டுரை தான் தேறுச்சு. 2001 ஜனவரில அதே ஆட்கள் யார் வேணும்னாலும் எழுதலாம்னு விக்கிப்பீடியாவைத் திறந்து விட்டாங்க, முதல் வருஷ முடிவுல கட்டுரை ஆயிரக்கணக்குல இருந்துச்சு. விதி எல்லாம் அதுக்கப்புறம் தேவைப்படத் தேவைப்பட ஒண்ணொண்ணா வந்தது. அப்புறம் இன்னொரு பாதி இருக்கு, அதை நாம அதிகமா பேசறது இல்ல. ஆங்கில விக்கிப்பீடியால தொடர்ந்து எழுதறவங்க எண்ணிக்கை 2007ல உச்சத்துக்குப் போச்சு, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஏன்னு பார்த்து 2013ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. புதுசா வர்றவங்க தரம் குறைஞ்சதால இல்ல, நல்ல எண்ணத்தோட வந்தவங்களோட முதல் எடிட்டையே தூக்கிப் போடறது அதிகமானது தான் காரணம், பாதி தானியங்கியா ரிவர்ட் பண்ற கருவிகளுக்கும் அதுல பங்கு இருக்குன்னு சொன்னாங்க. முதல் எடிட் தூக்கப்பட்டவங்க திரும்பி வர்றது குறைவு. இத்தனைக்கும் "புதுசா வர்றவங்களைக் கடிக்காதீங்க"ன்னு அங்க ஒரு வழிகாட்டுதலே இருக்கு. எழுதி வச்சும் அப்படின்னா, எழுதியே வைக்கலன்னா நம்ம நிலைமை என்னன்னு பாருங்க, நம்மகிட்ட தொடர்ந்து எழுதறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

அடுத்தது ஆதார விதி. இது தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது, கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

"சொந்த ஆய்வு கூடாது"ங்கற விக்கிப்பீடியா விதியை வரைவுல அப்படியே வச்சிருக்கீங்க. கலைக்களஞ்சியத்துக்கு அது சரி, அங்க வேலையே மத்தவங்க ஏற்கனவே வெளியிட்டதைத் தொகுக்கறது தான். நம்ம விக்கி அப்படியா? நம்மகிட்ட இருக்கற பாதி விஷயம் எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. இந்த மாடல் மிக்ஸில கப்ளிங் கழட்ட எந்தப் பக்கம் சுத்தணும், அந்த ஃபேன்ல கெபாசிட்டர் எங்க ஒளிஞ்சிருக்கு, பழைய மெஷின்ல எந்த ஸ்க்ரூ துருப்பிடிச்சு உடையும், இதெல்லாம் கையில எண்ணெய்க் கறையோட வர்றவங்களுக்குத் தான் தெரியும், அவங்ககிட்ட போய் வெளியிடப்பட்ட நம்பகமான மூன்றாம் தரப்பு ஆதாரம் கேட்டா அவங்க என்ன செய்வாங்க? போயிடுவாங்க. எங்கயோ இருக்கற பக்கத்தைப் பார்த்து எழுதினவர் மட்டும் மிஞ்சுவார்.

வெளில அச்சுல வந்துட்டாலே ஆதாரம்னு நம்பறதும் ஆபத்து. 2008ல ஒரு மாணவர் கோட்டின்னு ஒரு விலங்கோட ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்துல "பிரேசில் ஆர்ட்வார்க்"னு இல்லாத ஒரு பட்டப்பேரைச் சும்மா சேர்த்துட்டார். யாரும் கவனிக்கல. விக்கியைப் பார்த்து பத்திரிகைகள் அந்தப் பேரை எழுத ஆரம்பிச்சுது, அப்புறம் அந்தப் பத்திரிகையையே விக்கிப் பக்கத்துல ஆதாரமா கொண்டு வந்து போட்டாங்க, வட்டம் முடிஞ்சு போச்சு. 2014ல தான் அந்தக் கதை வெளில தெரிஞ்சுது. பெரிய இடத்துக்கே இப்படி நடக்குது. நம்ம பக்கத்தை அப்படியே காப்பி அடிச்சுப் போட்ட தளங்கள் இப்பவே இருக்கு, நாளைக்கு நம்ம பாபின் ஸ்க்ரூ தப்புக்கு அதுல ஒண்ணையே ஆதாரமா கொண்டு வந்து காட்டினா உங்க விதிப்படி அது செல்லும், கையால செஞ்சு பார்த்தவர் சொன்னது செல்லாது.

அதனால "செஞ்சு பார்த்தது"ன்னு ஒரு ஆதார வகையை நாமளே உண்டாக்குவோம். அதுக்கு ஒரு சின்ன வார்ப்புரு போதும், எந்தப் பொருள், எந்த மாடல், என்ன கோளாறு, என்ன பண்ணினீங்க, என்ன ஆச்சு, முடிஞ்சா ஒரு போட்டோ. பக்கத்துல அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு சின்ன குறி இருக்கட்டும், இது மேனுவல்ல இருந்து வந்தது, இது ஒருத்தர் செஞ்சு பார்த்தது, இது மூணு பேர் செஞ்சு பார்த்தது, படிக்கறவர் எதை எவ்வளவு நம்பலாம்னு அவரே முடிவு பண்ணிக்குவார். மேனுவலும் அனுபவமும் முட்டிக்கிட்டா ரெண்டையும் போடுங்க, எது எங்க இருந்து வந்ததுன்னு சொல்லிட்டுப் போடுங்க.

ஒரு இடத்துல மட்டும் நான் வரைவை விடவும் கடுமையா இருக்கணும்னு சொல்றேன். உயிருக்கு ஆபத்து இருக்கற பக்கங்கள். மைக்ரோவேவ் உள்ள இருக்கற பெரிய கெபாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கின அப்புறமும் சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கலாம், அது வேலை செய்யறது 2,000 வோல்ட் அளவுல, தொட்டா ஆள் போயிடலாம். உப்பிப் போன லித்தியம் பேட்டரியைக் குத்தினா தீப்பிடிக்கும். இங்கெல்லாம் "நான் பண்ணினேன், எனக்கு ஒண்ணும் ஆகல"ங்கறது ஆதாரமே கிடையாது, ஒண்ணும் ஆகாதவர் மட்டும் தானே வந்து எழுத முடியும். இந்தப் பக்கங்கள்ல எச்சரிக்கையை யாராவது எடுத்தாலோ, ஒரு படியைக் குறைச்சாலோ முதல்ல ரிவர்ட், அப்புறம் பேச்சு. ஒரு மணி நேரம் கூட அது இருக்கக் கூடாது. இந்தப் பக்கங்களைத் தனியா ஒரு பகுப்புல போட்டு, அனுபவப்பட்ட தொகுப்பாளர்கள் கவனிப்புப் பட்டியல்ல வச்சுக்கட்டும். வரைவு எல்லாப் பக்கத்தையும் ஒரே தராசுல நிறுத்துது, மைக்ரோவேவுக்கும் தையல் மெஷினுக்கும் ஒரே விதி. அங்க கம்மியா இருக்கு, இங்க அதிகமா இருக்கு.

மொழி பத்தின விதிக்கு வர்றேன். பிறமொழிச் சொற்களை முற்றிலும் தவிர்க்கணும், ப்ரஷர் ஃபுட்டுக்கு "அழுத்துகால்", பாபினுக்கு "நூற்கண்டி"ன்னு பட்டியல் போட்டிருக்கீங்க. இந்தப் பட்டியல் போட்டவரோட அக்கறையை நான் மதிக்கிறேன், தமிழ்ல சொல் இருக்கணும்ங்கறதுல எனக்கும் ஆசை உண்டு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு மெஷின் மக்கர் பண்ணி, காலைல கொடுக்க வேண்டிய துணி பாதில நிக்கும்போது ஒருத்தர் "பாபின் நூல் சிக்குது"ன்னு தான் தேடுவார், நூற்கண்டின்னு தேட மாட்டார். தேடலுக்கு வராத பக்கம் எவ்வளவு நல்ல தமிழ்ல இருந்தும் யாருக்கும் உதவாது. புழக்கத்துல இருக்கற சொல்லைத் தலைப்புலயும் முதல் வரிலயும் வைப்போம், தமிழ்ச் சொல்லை அடுத்த வரில அறிமுகம் பண்ணுவோம், ரெண்டுக்கும் வழிமாற்று (எதைத் தேடினாலும் அதே பக்கத்துக்குக் கொண்டு போற இணைப்பு) போடுவோம். பாபின், பாப்பின், பொபின்னு எத்தனை விதமா எழுதறாங்களோ அத்தனைக்கும் வழிமாற்று, அது காசா பணமா. முக்கியமா, பேச்சு நடைல எழுதிட்டார்ங்கற ஒரே காரணத்துக்காக யாரோட எடிட்டையும் எடுக்கக் கூடாது. நடையை அடுத்து வர்றவர் திருத்தலாம், விஷயத்தை அடுத்து வர்றவர் கொண்டு வர முடியாது.

மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டக் கூடாதுங்கற விதிக்கு முழு ஆதரவு, அதுல ஒரு எழுத்தைக் கூட குறைக்காதீங்க. ஸ்காட்லாந்துல பேசற ஸ்காட்ஸ் மொழியோட விக்கிப்பீடியாவுக்கு நடந்தது 2020ல வெளில வந்துச்சு, அந்த மொழி தெரியாத ஒரு சின்னப் பையன் வருஷக்கணக்கா ஆங்கிலத்தை வார்த்தைக்கு வார்த்தை மாத்தி ஆயிரக்கணக்குல கட்டுரை போட்டிருந்தான், அந்தப் பையனுக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. சின்ன சமூகம், பார்க்க ஆள் இல்ல, அதனால யாரும் நிறுத்தல. நம்மளும் சின்ன சமூகம் தான். ரிப்பேர் பக்கத்துல இது இன்னும் மோசம், இடது வலதை, டைட் லூஸை மொழிபெயர்ப்பு மாத்திப் போட்டுட்டா மொழி மட்டும் இல்ல பொருளும் கெடும். மொழிபெயர்க்கலாம், ஆனா மொழிபெயர்த்தவர் அந்தப் பொருளைக் கையில பிடிச்சவரா இருக்கணும், இல்லன்னா பிடிச்ச ஒருத்தர்கிட்ட காட்டிட்டுப் போடணும்.

காப்பிரைட் விதி சரியா இருக்கு, ஒரு வரி மட்டும் சேருங்க. மேனுவல்ல இருக்கற தகவல் யாருக்கும் சொந்தம் இல்ல, அதோட வாசகமும் வரைபடமும் தான் அவங்களோடது, அதனால படிச்சுட்டு சொந்த வார்த்தைல எழுதுங்க, படத்துக்கு நீங்களே போட்டோ எடுங்கன்னு. இப்ப இருக்கற விதத்துல படிச்சா மேனுவலைப் பார்க்கவே கூடாது போலன்னு பயந்துக்குவாங்க.

நீளம் பத்தியும் சொல்லணும். 18 பக்கம் இருக்கு வரைவு. முதல் தடவ ஒரு வரி திருத்த வந்தவர் 18 பக்கம் படிக்க மாட்டார், படிக்காததுக்காக அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. முதல் பக்கத்துல ஐஞ்சே வரி போதும்: தைரியமா திருத்துங்க, எப்படித் தெரியும்னு சொல்லுங்க, ஆபத்தான பக்கத்துல முதல்ல பேச்சுப் பக்கத்துல கேளுங்க, காப்பி அடிக்காதீங்க, சந்தேகம்னா மணல்தொட்டில (எழுதிப் பழகற சோதனைப் பக்கம்) போட்டுப் பாருங்க. மிச்சம் எல்லாம் உள்ள இருக்கட்டும், தேவைப்படும்போது அந்த இடத்துக்கு லிங்க் கொடுத்துக்கலாம்.

இப்ப நான் கேக்கறதை வாசகமாவே எழுதிக் கொடுக்கறேன், நீங்க மெருகேத்திக்கோங்க.

"அப்பட்டமான விஷமத்தையும் ஆபத்துப் பகுப்புல இருக்கற பக்கங்களையும் தவிர, மத்த எந்த எடிட்டை ரிவர்ட் பண்ணினாலும் ஏன்னு ஒரு முழு வாக்கியம் எழுதணும். 'ஆதாரம் இல்லை', 'தரமற்றது' மாதிரி வெறும் முத்திரை காரணம் ஆகாது. புதுப் பயனர்னா அவரோட பேச்சுப் பக்கத்துல ஒரு கேள்வி வைக்கணும். சரியா தப்பான்னு தெரியாத எடிட்டை எடுக்காம, 'சரிபார்க்கணும்'னு குறி போட்டு ஏழு நாள் விடணும். ஒரே ஆள் ஒரே பகுதியை ரெண்டாவது தடவ ரிவர்ட் பண்ணக் கூடாது, ரெண்டாவது தடவ வேணும்னா வேற ஒருத்தர் பார்க்கணும்."

விக்கிப்பீடியால ஒரே நாள்ல மூணு தடவைக்கு மேல ரிவர்ட் பண்ணக் கூடாதுன்னு இருக்கு, நான் அதை ஒண்ணாக் குறைக்கச் சொல்றேன், ஏன்னா நம்ம பக்கத்துல எடிட் வேகம் அவ்வளவு இல்ல, காத்திருக்க நேரம் இருக்கு. இன்னொரு ஆளு அன்னைக்கு அந்த ரெண்டாவது எடிட்டைப் பார்த்திருந்தா, எழுத்துப்பிழையைத் திருத்திட்டு மறுபடி வந்திருக்காரே, இவர் விளையாட வரலன்னு அவருக்காவது தோணியிருக்கும். எனக்குத் தோணல, நான் ஏற்கனவே முடிவு பண்ணிட்டேன்.

இது வேலையைக் கூட்டும்னு நீங்க சொல்வீங்க, கூட்டும் தான். காவல் காக்குறவங்க நாலே பேர், ஒவ்வொண்ணுக்கும் வாக்கியம் எழுதிக்கிட்டு இருந்தா வரிசை தேங்கிடும். என் பதில், தேங்கட்டும். ஏழு நாள் குறி போட்டுக் கிடக்கற எடிட்டால பக்கம் இடிஞ்சு விழாது. வாக்கியம் எழுத நேரம் இல்லாத எடிட்டை நான் தொடாம விட்டுடறேன், வேற ஒருத்தர் நேரம் இருக்கும்போது பார்க்கட்டும். வாக்கெடுப்புல இந்தப் பகுதி ஜெயிச்சா அடுத்த ஆறு மாசத்துக்கு "சரிபார்க்கணும்" வரிசையை நான் பார்த்துக்கறேன், வாரத்துல மூணு ராத்திரி. என் பேரைப் பொறுப்பாளர் இடத்துல எழுதிக்கோங்க.

கடைசியா ஒண்ணு. அந்த வாசகர் எழுதின அன்னைக்கு ராத்திரியே தையல் மெஷின் பக்கத்தை நான் சரி பண்ணிட்டேன், அவசரத்துல நானே புதுசா எழுதிட்டேன், அதனால வரலாற்றுல அந்தத் திருத்தம் என் பேர்ல இருக்கு. அது என்னோடது இல்ல. நேத்து அந்தப் பேச்சுப் பக்கத்துல ஒரு குறிப்பு வச்சிருக்கேன், இந்த வரியை முதல்ல எழுதினவர் இன்ன பதிப்புல வந்த பெயர் தெரியாத தொகுப்பாளர்னு, அவரோட ரெண்டு எடிட்டுக்கும் லிங்க் கொடுத்து. அந்தக் குறிப்பைப் பழைய உரையாடல்களோட சேர்த்துக் காப்பகத்துக்கு நகர்த்திடாம மேலயே நிறுத்தி வையுங்க, அவர் எப்பவாவது திரும்பி வந்து பார்த்தா கண்ணுல படணும்.

அன்போட,
அண்மைய மாற்றங்கள் பக்கத்துல இருந்து ஒரு தொகுப்பாளர்